சரிபாதி வெயில்

எலப்புள்ளி
4.6.2025

நர்மதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் தாளை மாற்றவில்லை.

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நான் வைத்துவிட்டால் மறுபடி எடுப்பதே இல்லை. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியவள், வரவே இல்லை என்று சாதிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மீனாட்சிபுரத்தில் கந்தப்பன் பால்பண்ணையில் நம் மெசின் ஓட ஆரம்பித்துவிட்டது. 'நம்' என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. என் மெசின். கூரை முழுக்கச் சோலார், கீழே இரண்டு பெட்டிகள். வெயிலில் வருகிற கரண்டு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை ஒரு பக்கமும் ஆக்சிஜனை மறுபக்கமும் தள்ளுகிறது. ஹைட்ரஜனை எரித்து பாய்லரில் வெந்நீர். பால் கேன் கழுவுகிற சாந்தம்மாள்தான் காலையில் வால்வைத் திறக்கிறாள். இருபது வருஷமாக விறகுப் புகையில் நின்றவள். "வெயில்லயே தண்ணி காய வெக்கறீங்களே சாமி, இத்தன நாளா எங்கீங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். உன் ஆராய்ச்சிக் கட்டுரை எதற்காவது இப்படி ஒரு வார்த்தை கிடைத்திருக்குமா?

நீ மூன்று வருஷம் நிக்கல் வலைக்குப் பூச்சு பூசிப் பூசிச் சுரண்டிக்கொண்டிருந்தாய். நான் நடுவில் இரண்டு வாயுவையும் கலக்க விடாமல் பிரிக்கிற சவ்வில் கை வைத்தேன். நீ வைத்த தடித்த சவ்வைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத சவ்வை வைத்து, தகடுகளை இரண்டு பக்கமும் ஒட்டி இறுக்கினேன். அதே கரண்டுக்கு வாயு இப்போது அதிகம். வரப்பையே அகலமாகப் போட்டுக்கொண்டிருந்தால் வெள்ளாமை எங்கே வைப்பது?

கந்தப்பனுக்கு வேலந்தாவளம் பக்கம் இன்னும் மூன்று பண்ணைகள் உண்டு. அங்கும் போடச் சொல்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. "டாக்டர் பட்டம் வாங்குனது உங்க தங்கச்சிதானுங்களே, அது பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டுங்க" என்கிறார். மெசினில் ஆபத்து ஒன்றும் இல்லை என்கிற பத்திரம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேயிலைக்காட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதில் ஒன்றும் குறைந்துபோகாது.

ஆனந்தகுமார்
(அண்ணன் என்று போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை நீ நடந்துகொள்வதைப் பார்த்து முடிவு செய்கிறேன்.)


மூணாறு
12.6.2025

திரு. ஆனந்தகுமார் அவர்களுக்கு,

தபால் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "காசு குடுத்து ரிஜிஸ்டர்ல திட்டுத ஆள நான் இப்பதான் பாக்கேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பாலக்காடு போகிற பஸ்ஸில் எலப்புள்ளி வழியாக வந்தேன். நாம் சேர்ந்து நடத்திய ஷெட்டின் போர்டைப் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில் நீலப் பெயிண்ட். அடித்ததுதான் அடித்தீர்கள், போர்டு முழுக்க ஒரே நீலமாக அடித்திருக்கலாம். அந்தச் சதுரம் மட்டும் தனியாகத் தெரிகிறது. நான் இறங்கவில்லை.

மெல்லிய சவ்வு உங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நான் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கியது. ஏன் என்று அப்போதே சொன்னேன். நீங்கள் யாரோடோ போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினீர்கள். இப்போதாவது கேளுங்கள். வரப்பைச் செதுக்கினால் நிலம் கொஞ்சம் கூடும். பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரும் உள்ளே கசியும். மெல்லிய சவ்வு வழியாக ஹைட்ரஜன் எப்போதும் ஆக்சிஜன் பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். உச்சி வெயிலில் ஆக்சிஜன் பெருகி வருவதால் அந்தக் கசிவு கரைந்துபோகும். மேகம் மூடினால் ஆக்சிஜன் வருவது சுருங்கிவிடும், கசிவு மட்டும் அதே அளவு. அண்டா மோரில் விழுந்த உப்பு நாக்குக்குத் தெரியாது. அதையே ஒரு டம்ளர் மோரில் போட்டுப் பாருங்கள். நூற்றில் நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டால் அப்புறம் அது ஆக்சிஜன் குழாய் இல்லை, வெடி.

ஆனி பிறக்கப்போகிறது. கணவாய்க் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும் காலம். வெயில் குறையும்போது பெட்டிகளை என்ன செய்கிறீர்கள்? இதற்குப் பதில் வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வெள்ளாமை பெருகட்டும். அதற்கு ஆள் பலியாகாமல் இருக்கட்டும்.

நர்மதா


எலப்புள்ளி
20.6.2025

டாக்டர் நர்மதா அம்மையார் அவர்களுக்கு,

மலை மேல் இருந்துகொண்டு எங்களுக்கு மோரில் உப்புப் போடக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி.

வெயில் குறையும்போது என்ன செய்கிறேன் என்றுதானே கேட்டாய்? இருக்கிற கரண்டை இரண்டு பெட்டிக்கும் சரிபாதியாகப் பிரித்துவிடுகிறேன். அதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகை நானே செய்தேன். எவ்வளவு வந்தாலும் இதற்குப் பாதி, அதற்குப் பாதி. ஒன்று தேய்ந்துபோய், ஒன்று சும்மா நிற்கிற கதை இல்லை.

இந்த யோசனை எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. நம் கிணற்றிலிருந்து வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில், யாருடைய முறையில் கரண்டு போனது என்று நாள் தவறாமல் சண்டை. அரிவாள் எடுக்கிற அளவுக்குப் போய், ஊர் கூடி, வாய்க்கால் தலைப்பில் நடுவே சுவர் வைத்த பங்குத்தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தது. கூடினாலும் குறைந்தாலும் சரிபாதி. அதற்கப்புறம் நம் தோட்டத்தில் சத்தம் உண்டா? நியாயமாகப் பிரித்தால் எதுவும் ஒழுங்காக ஓடும். இது உனக்குப் புரியாது. வீட்டில் யாருக்கும் பங்கு வைக்காமல் தன் முடிவைத் தானே எடுத்தவள் நீ.

இன்னொன்று. நீ வைத்துவிட்டுப் போன எச்சரிக்கை மணி மேகம் வந்தாலே அலறியது. சாந்தம்மாள், "மணியடிச்சா மாடெல்லாம் மெரளுதுங்க, பால் எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள். பால்பண்ணையில் பால்தான் முக்கியம். மணியைக் கழற்றிவிட்டேன். இப்போது மாடும் நிம்மதி, நானும் நிம்மதி. நீதான் பாக்கி.

பத்திரம் மறுபடி உள்ளே இருக்கிறது.

ஆனந்தகுமார்


மூணாறு
26.6.2025
(விரைவுத் தபால்)

அண்ணா,

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்தவுடன் பண்ணைக்குப் போங்கள்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. என் வீட்டுக்காரர் போனிலிருந்து பேசினேன், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள்.

சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். வெயில் குறையும்போது பிரித்தால் இரண்டு பெட்டிகளிலும் ஆக்சிஜன் வருவது ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு பெட்டியை அடியோடு நிறுத்தி, உள்ளே இருக்கிற வாயுவை வெளியேற்றிவிட்டு, வருகிற கரண்டு முழுவதையும் மற்றொன்றுக்குக் கொடுங்கள். அதற்கும் போதவில்லை என்றால் அதையும் நிறுத்துங்கள். பெட்டிக்கு நியாயம் தெரியாது.

நம் பங்குத்தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை நின்றது உண்மைதான். ஆனால் பாதித் தண்ணீர் பாதி வாய்க்காலில் ஊர்ந்து, கோடையில் இரண்டு தோட்டத்திலும் கடைசி வரிசைத் தென்னைக்கு எட்டவே இல்லை. குருத்துக் காய்ந்து நின்ற மரங்களை வெட்டியது நீங்களும் அப்பாவும்தான். முறை வைத்துப் பாய்ச்சியபோது அந்த மரங்கள் பிழைத்துத்தானே இருந்தன?

மணி அலறியது பழுதினால் இல்லை. கசிவு ஏறியதால். சாந்தம்மாள் வால்வைத் திறப்பது காலையில். வெயில் மிகக் குறைவாக இருக்கிற நேரம் அதுதான். ஆக்சிஜன் குழாய் கேன் கழுவுகிற அறையின் பின்சுவரை ஒட்டிப் போகிறது, பம்ப் சுவிட்சும் அங்கேதான் இருக்கிறது, அதில் ஒரு பொறி பறந்தால் போதும். பிரிந்து வருவதற்கு முன் அந்தப் பண்ணைக்கு வரைபடம் போட்டவள் நான், எனக்குத் தெரியும்.

கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். மணியை மாட்டுங்கள்.

நர்மதா


எலப்புள்ளி
2.7.2025

நர்மதா,

உன் வீட்டுக்காரனை என் ஷெட்டுக்கு அனுப்பி வைத்தாய். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, "மச்சான், ஒரே ஒரு நிமிசம் நின்னு கேளுங்க, அவ ராத்திரியெல்லாம் தூங்கல" என்றான். நான் கேட்டைத் திறக்கவில்லை. வேலையாட்களுக்கு முன்னால் எனக்குப் பாடம் நடத்த ஒரு எஸ்டேட் எலக்ட்ரீசியனை அனுப்புகிற அளவுக்கு நான் இறங்கிப்போய்விடவில்லை. என்னை மச்சான் என்று கூப்பிட அவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

உனக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் நீ வா. என் ஷெட்டில் என் முன்னால் நின்று, 'அண்ணா, இது தப்பு' என்று சொல். சொல்லிப் பார், கேட்கிறேனா இல்லையா என்று. நீ வர மாட்டாய். ஆள் அனுப்புவாய், தபால் அனுப்புவாய்.

அடுத்து கந்தப்பனுக்கு எழுதுவாய் என்றும் எனக்குத் தெரியும். எழுதினால் ஒன்றைத் தெரிந்துகொள். அப்பாவும் பெரியப்பாவும் அரிவாளோடு நின்ற அன்றுகூட வெளியாளைக் கூப்பிட்டு, 'என் கூடப்பிறந்தவன் திருடன்' என்று சொல்லவில்லை. நீ எழுதினால், இந்த மெசின் மட்டும் போகாது. இந்தச் சுற்றுவட்டத்தில் ஆனந்தகுமார் செய்த எதையும் யாரும் தொட மாட்டார்கள். ஆறு வருஷம் வெல்டிங் புகையைக் குடித்து நான் சேர்த்தது அந்த ஒரு பெயர்தான். அதை நீ எடுத்துவிட்டால், நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று என்றாலும் உனக்குத் தகவல் வராது. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

பெட்டி ஒரு மாதமாக ஓடுகிறது. எதுவும் வெடிக்கவில்லை. நாளைக்கும் ஓடும்.

ஆனந்தகுமார்


மூணாறு
7.7.2025

அண்ணாவுக்கு,

கந்தப்பன் அவர்களுக்கு எழுதிவிட்டேன். போனிலும் பேசினேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே பெட்டிகள் நின்றிருக்கும். ஒளித்துச் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை. வேலை சுத்தம், வெல்டிங் சுத்தம், தகடு இறுக்கிய விதத்தில் ஒரு குறையும் இல்லை, மெல்லிய சவ்வுக்குத் தகுந்தபடி கரண்டைக் கையாளவில்லை என்றுதான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க அவரு சொந்தத் தங்கச்சி, நீங்களே அந்த ரூமுக்குள்ள நிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். நிற்க மாட்டேன் என்றேன். அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் வாசலில் நின்றுகொண்டு, "இந்த வாசப்படிய இனிமேப்பட்டு மிதிச்சீன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்று சொன்னது நீங்கள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமலே, வா என்று கூப்பிடுகிறீர்கள். எனக்கும் ரோஷம் உண்டு. ஒரே வயிற்றில்தானே பிறந்தோம்? என் வீட்டுக்காரர் உங்கள் கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "பயந்து போயிருக்காரு பாவம்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு உங்கள் மேல் கோபம்தான். போர்டைப் பார்த்த நாளிலிருந்து கோபம். ஆனால் அந்தக் கோபத்தில் இதைச் செய்யவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
நர்மதா


எலப்புள்ளி
14.8.2025

நர்மதா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருந்தால் நான் கணக்கில் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன், அதற்காக எழுதுகிறேன்.

நீ நினைத்தபடியே எல்லாம் நடந்தது. கந்தப்பன் அன்றைக்கே பெட்டிகளை நிறுத்தச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள, தங்கச்சியே நிக்க மாட்டேங்குற எடத்துல நான் எப்படிங்க சாந்தம்மாள நிறுத்துறது?" என்றார். மற்ற மூன்று பண்ணைகளும் போயின. வேலந்தாவளம் சந்தைக்கு ஆணி வாங்கப் போனால்கூட, "என்னுங்க, வெடிக்கற மெசினாமா?" என்று சிரிக்கிறார்கள். வெடிக்காத மெசினுக்கு இந்தப் பெயர். வெடித்திருந்தால் நீ ஜெயித்தாய் என்று எனக்கும் புரிந்திருக்கும். வெடிக்காததை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதை நிரூபிப்பது?

அதனால் நானே நிரூபிக்கப் புறப்பட்டேன். உன் தப்பை. இரண்டு பெட்டிகளையும் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத் திறந்தவெளியில் வைத்து, வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேகம் இருக்கிற நாளாகப் பார்த்து ஓட்டினேன். நூற்றில் எத்தனை பங்கு ஹைட்ரஜன் என்று காட்டுகிற, நீ விட்டுப்போன மீட்டரை ஆக்சிஜன் குழாயில் மாட்டினேன். மணியையும் மாட்டினேன். அம்மாவைக்கூடப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஜெயிப்போம் என்று நினைக்கிறவன் அம்மாவை எதற்கு அனுப்புகிறான் என்று அப்போது யோசிக்கவில்லை.

சரிபாதியாகப் பிரித்துவிட்டேன். வெயில் இருந்தவரை ஒன்றும் இல்லை. பெரிய மேகம் ஒன்று வந்து மூடியது. மீட்டர் இரண்டைத் தாண்டியதும் மணி அலறியது. நிறுத்தவில்லை, சுவரை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று. மூன்றரை. அப்புறமும் ஏறியது. நாலைத் தொடுவதற்குள் கரண்டை வெட்டினேன். சுவிட்ச் முதல் தடவை கைக்கு அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாந்தம்மாளை ஒரு மாதம் தினமும் காலையில் அந்த அறையில் நிற்க வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து உன் முறைப்படி ஓட்டினேன். ஒன்றை நிறுத்தி, மற்றொன்றுக்கு முழுசாகக் கொடுத்து. அதே மாதிரி மேகம்தான், மீட்டர் இரண்டைத் தாண்டவில்லை. கரண்டு மேலும் குறைந்தபோது அதையும் நிறுத்தினேன். எண்களை எல்லாம் இதோடு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உன் கட்டுரைக்கு உதவும் என்றால் போட்டுக்கொள். என் பெயர் வேண்டாம்.

நீ சொன்னது சரி. அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. மூணாறிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் வந்திருக்கலாம். நான் சொன்ன வார்த்தையை நீ பிடித்துக்கொண்டு நின்றாய், நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசப்படியை மிதித்திருந்தால் கத்தியிருப்பேன், அடிக்கக்கூடக் கை ஓங்கியிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். இதை நீ நம்ப மாட்டாய், எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் உன்னை மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன். போர்டில் அந்த நீலச் சதுரத்தைச் சுரண்டிப் பார்த்தேன், உன் பெயரும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. ஆகவே அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மா விஷயத்தில் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தகவல் வரும். என்னிடமிருந்து வராது, யார் மூலமாவது வரும்.

நேற்று பாய்லரைக் கழற்றிக்கொண்டு வரப் பண்ணைக்குப் போயிருந்தேன். சாந்தம்மாள் பழைய விறகு அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து, முந்தானையால் துடைத்தபடியே கேட்டாள். "ஏனுங்க, நல்லா ஓடிக்கிட்டிருந்த மெசின நிறுத்திப்போட்டாங்களே, அது ஆருங்க? என்ற கண்ணு இப்படி எரியுதே, அவுங்க நல்லா இருப்பாங்களா?"

நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். அவள் வாய்க்கு வந்தபடி எல்லாம் திட்டினாள். நின்று முழுசாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

ஆனந்தகுமார்